பேசாத நிமிடம் எங்கே போனது? முன்கட்டணக் கைப்பேசியின் கணக்கு

“நூறு நிமிடம் என்று சொல்லித்தானே கொடுத்தீங்க? எழுபது நிமிடம்கூடப் பேசலையே, அதுக்குள்ள எப்படி முடிஞ்சது?”

சிரம்பான் பட்டணத்துக் கைப்பேசிக் கடைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கடைக்காரரிடம் பதிலும் இருப்பதில்லை. அவர் விற்பது கிரெடிட்; கணக்கு வைத்திருப்பது தொலைத்தொடர்பு நிறுவனம். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு பக்கத் தோட்டங்களில் இருந்து பஸ் ஏறி வந்தவருக்கு, போன நிமிடத்தின் விலையைவிடப் பஸ் காசே அதிகம். ஆகவே பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு பத்து ரிங்கிட்டுக்கு டாப் அப் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மாதக் கட்டணத் திட்டத்தில் இருப்பவருக்கு மாதம் பிறந்தால் பில் வருகிறது. எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு பேசினார் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். சந்தேகம் இருந்தால் கட்டுவதற்கு முன்பே கேட்கலாம். முன்கட்டணக்காரருக்கோ காசு முதலில் போய்விடுகிறது, காகிதம் எதுவும் வருவதில்லை. தோட்டத்து முதியவர்கள், அன்றாடக் கூலிக்காரர்கள், படிக்கும் பிள்ளைகள் ஆகியோரிடம் அதிகம் இருப்பது இந்த வகை சிம்தான். ஒவ்வொரு சென்னையும் எண்ணிச் செலவழிப்பவர்கள் கையில்தான் கணக்குச் சீட்டு இல்லை.

இப்போது பல திட்டங்களில் உள்நாட்டு அழைப்புக்கு வரம்பே இல்லை; அவற்றில் இந்தச் சண்டைக்கு இடம் குறைவு. ஆனால் குறைந்த விலையில் நிமிடப் பொட்டலம் வாங்குபவர்களும், எண் உயிரோடு இருந்தால் போதும் என்று அடிப்படை சிம்மை வைத்திருப்பவர்களும் இன்னமும் இருக்கிறார்கள்.

நிமிடம் என்றால் 60 வினாடியா?

கடிகாரத்தில் ஆமாம். கைப்பேசிக் கட்டணத்தில் எப்போதும் அப்படி இல்லை. நிறுவனங்கள் பேச்சு நேரத்தைத் தொகுதியாக அளக்கின்றன. சில திட்டங்களில் ஒரு தொகுதி 30 வினாடி, சிலவற்றில் 60 வினாடி. ஒரு தொகுதியின் முதல் வினாடி தொடங்கினாலே முழுத் தொகுதியும் கழிக்கப்படும். 60 வினாடித் தொகுதியில் 1 நிமிடம் 1 வினாடி பேசினால் 2 நிமிடம் போகும். கைப்பேசித் திரை 59 வினாடி என்று காட்டி, நிறுவனத்தின் கணினி 61 வினாடி என்று பதிவு செய்திருந்தால், அந்த இரண்டு வினாடிக்காக இன்னொரு நிமிடம் போய்விடும். திரையில் ஓடும் கடிகாரம் கைப்பேசியின் சொந்தக் கடிகாரம். பணத்தைக் கழிப்பது அது அல்ல.

இந்தத் தொகுதி அளவு திட்டத்தின் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். எங்கே எழுதப்பட்டிருக்கும் என்பதுதான் சங்கடம். விளம்பரத் தட்டியில் ‘100 நிமிடம்’ பெரிதாக இருக்கும்; ‘60 வினாடித் தொகுதி’ என்பதைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும்.

தோட்டத்தில் இது எப்படி வலிக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் இருக்கும் தாய், கோலாலம்பூரில் வேலை செய்யும் மகனிடம் 7 நிமிடம் 10 வினாடி பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் பேசி முடித்தால் 60 வினாடித் தொகுதியில் 8 நிமிடம் கழியும். அதே பேச்சு சிக்னல் அறுந்து நான்கு துண்டாகிறது: 1 நிமிடம் 5 வினாடி, 2 நிமிடம் 10 வினாடி, வெறும் 20 வினாடி, பிறகு 3 நிமிடம் 35 வினாடி. கூட்டினால் அதே 7 நிமிடம் 10 வினாடிதான். கழிவதோ 2, 3, 1, 4 என்று மொத்தம் 10 நிமிடம். இப்படிப் பத்து முறை பேசினால் 100 நிமிடப் பொட்டலம் தீர்ந்துவிடும். உண்மையில் பேசியது 71 நிமிடம் 40 வினாடி.

30 வினாடித் தொகுதியாக இருந்தால் இதே நான்கு துண்டுகளுக்கு எட்டரை நிமிடம் போகும். வினாடிக் கணக்காக இருந்தால் எத்தனை துண்டானாலும் 7 நிமிடம் 10 வினாடிதான்.

கடையில் கேட்ட ‘எழுபது நிமிடம்கூடப் பேசலையே’ என்ற புகார் இப்படியும் உண்மையாக இருக்கலாம். யாரும் திருடவில்லை; கணினியும் தவறு செய்யவில்லை. அதே நேரத்தில் பயனீட்டாளர் சொல்வதும் பொய்யில்லை.

அழைப்பு ஏன் அறுகிறது?

கோபுரங்கள் ஆட்கள் அதிகமுள்ள இடத்தையும் நெடுஞ்சாலையையும் பார்த்தே நடப்படுகின்றன. செம்பனைக் காட்டுக்குள்ளும், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லயத்துக்கும் சிக்னல் ஓரமாகத்தான் வந்து சேர்கிறது. வாசலில் நின்றால் பேசலாம், சமையலறைக்குப் போனால் அறுந்துவிடும் என்கிற வீடுகள் இப்படி உண்டாகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. அதன்பின் குரல் அழைப்பு 4ஜி வழியாக நேரடியாகப் போக வேண்டும். அதற்கு ‘வோல்ட்டி’ என்ற வசதி கைப்பேசியிலும் சிம்மிலும் இருந்து, அது திறந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைப்பேசியில் இந்த வசதி மூடியே கிடப்பதுண்டு. கைப்பேசி அமைப்பில் அதைத் திறந்துவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. வீட்டில் வைஃபை இருந்து, நிறுவனம் அனுமதித்தால், வைஃபை வழி அழைப்பையும் திறந்துகொள்ளலாம்.

ஆகவே தோட்டத்தில் நிமிடம் குறைகிறது என்ற புகாரின் அடியில் பல நேரம் சிக்னல் புகார் ஒளிந்திருக்கிறது. சிக்னல் புகாரைத் தனியாகக் கொடுப்பது நல்லது. நிமிடப் புகார் என்றால் நிறுவனம் நிபந்தனையைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். ஒரே லயத்தில் பத்து வீடுகள் சேர்ந்து, இந்த இடத்தில் இந்த நேரத்தில் அழைப்பு அறுகிறது என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு நிபந்தனைத் தாளில் பதில் இருக்காது.

நிமிடத்தைத் தின்னும் மற்ற வாய்கள்

எல்லாப் பழியையும் தொகுதிக் கணக்கின் மேல் போட முடியாது. அடுத்தபடியாக அதிகம் ஏமாற்றுவது டேட்டா. டேட்டாப் பொட்டலம் முடிந்த பிறகும் கைப்பேசி பின்னணியில் இணையத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். திட்டத்தைப் பொறுத்து, அது நேராகக் கிரெடிட்டைக் கரைக்கும். காலையில் ஆறு ரிங்கிட் இருந்தது, யாருக்கும் போன் பண்ணவில்லை, மாலையில் ஒன்றுமில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாட்ஸ்அப் அழைப்பு நிமிடப் பொட்டலத்தைத் தொடாது. அது டேட்டாவில் போகிறது. வாட்ஸ்அப்பில் பேசுவதாக நினைத்துக்கொண்டு சாதாரண அழைப்புப் பொத்தானை அழுத்திவிடுவதும் நடக்கிறது.

இலவச நிமிடம் எல்லா எண்ணுக்கும் பொருந்தாது. 1300 போன்ற சிறப்பு எண்கள், குறுகிய சேவை எண்கள், வெளிநாட்டு அழைப்புகள் ஆகியவை பெரும்பாலான பொட்டலங்களில் சேராது; அவற்றுக்குத் தனிக் கட்டணம். வங்கியின் 1300 எண்ணுக்கு அழைத்துப் பத்து நிமிடம் இசை கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கும் காசு ஓடும்.

‘ஒரே நெட்வொர்க்குக்குள் இலவசம்’ என்ற திட்டங்களில் ஒரு பழைய பொறி உண்டு. முன்பு 012, 016, 019 என்று முன் எண்ணைப் பார்த்தே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடலாம். 2008ல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி வந்த பிறகு அந்த அடையாளம் செல்லாது. மச்சானின் எண் இன்றும் 012தான். ஆனால் அவர் எப்போதோ வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம்.

மணி அடிக்கும் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. மறுமுனையில் எடுத்தால்தான் கணக்கு தொடங்கும். ஆனால் எடுப்பது மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே கைப்பேசி அணைந்திருந்து குரல் அஞ்சல் பெட்டி எடுத்துக்கொண்டால் அதுவும் பதில் கிடைத்த அழைப்பே. அறிவிப்பு முடிந்து ‘பீப்’ கேட்பதற்கு முன் வைத்துவிடுவது பாதுகாப்பு.

ஐந்து இலக்கக் குறுகிய எண்ணில் இருந்து வரும் ஜோதிடம், பாட்டு, போட்டிச் செய்திகளும் உண்டு. தெரியாமல் ஒரு முறை ‘ஆம்’ என்று அனுப்பியிருந்தால் வாரந்தோறும் கழியும். ‘ஸ்டாப் ஆல்’ என்று ஆங்கில எழுத்தில் அதே எண்ணுக்குப் பதில் அனுப்பினால் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதுவே தனிப் புகார். அவசரத்துக்குக் கடனாக வாங்கிய கிரெடிட், அடுத்த டாப் அப்பில் சேவைக் கட்டணத்தோடு பிடித்துக்கொள்ளப்படும். அப்பா கடன் வாங்கியது மகனுக்குத் தெரியாமல், மகன் போட்ட பத்து ரிங்கிட் குறைந்து நிற்பதுண்டு.

இருப்பைப் பார்க்கும் நேரமும் முக்கியம். பேசத் தொடங்கும்போதே கணினி ஒரு பகுதி கிரெடிட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அழைப்பு முடிந்த பின் மிச்சத்தைத் திருப்பிப் போடும். வைத்த அடுத்த கணமே பார்த்தால் குறைவாகத் தெரியலாம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பதே சரி.

பத்து ரிங்கிட் பத்து ரிங்கிட்டாக இருந்ததா?

போட்ட காசுக்கும் கிடைத்த பேச்சு நேரத்துக்கும் உள்ள சண்டை இந்த நாட்டில் தேசிய அளவில் இரண்டு முறை வெடித்தது. முன்கட்டணத்தின் மீதான 6 விழுக்காடு சேவை வரியை நிறுவனங்களே ஏற்று வந்தன. 2011 செப்டம்பரில் அதைப் பயனீட்டாளர் தலையில் வைக்கப்போவதாக அறிவித்தன. எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தன. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது, 10 ரிங்கிட் டாப் அப்புக்கு 10 ரிங்கிட் 60 சென் கொடுக்க வேண்டியதாயிற்று. சலசலப்பு அடங்கவில்லை. கடைசியில் 2016 ஜனவரி முதல் மலேசியர்களின் முன்கட்டண எண்களுக்கு, வரித் தொகை கிரெடிட்டாகவே திருப்பிப் போடப்பட்டது. 2018 செப்டம்பரில் சேவை வரி மீண்டும் வந்தபோது, முன்கட்டண டாப் அப்புக்கு மலேசியக் குடிமக்கள் விலக்குப் பெற்றார்கள்.

அறுபது சென்னுக்காக நாடே பேசியது. தொகுதிக் கணக்கில் போகும் நிமிடம் அதைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் அது ரசீதில் தெரிவதில்லை என்பதால் யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு வேறொரு அனுபவம் தெரிந்திருக்கும். 2009ல் டாடா டோகோமோ நிறுவனம் வினாடிக்கு ஒரு பைசா என்று விற்கத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் சில மாதங்களில் அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று. பிறகு 2012ல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், முன்கட்டணக்காரர்களுக்கென விதிமுறை கொண்டுவந்தது. அழைப்பு முடிந்ததும் எவ்வளவு நேரம் பேசினார், எவ்வளவு கழிந்தது, மிச்சம் என்ன என்று திரையில் காட்ட வேண்டும். கேட்டால், ஒவ்வொரு அழைப்பையும் வரிசையிட்ட கணக்கு விவரத்தை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் கொடுக்க வேண்டும். ‘முன்கட்டணம்தானே, பில் எதற்கு’ என்ற வாதம் அங்கே அத்தோடு முடிந்தது.

அறுந்துபோகும் அழைப்புக்கு இழப்பீடு வாங்கித் தரவும் டிராய் முயன்றது. ஓர் அழைப்பு அறுந்தால் 1 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று அழைப்பு என்று 2015ல் ஆணையிட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டது.

அமெரிக்காவில் சண்டை, வெளிநாட்டுக்குப் பேசும் முன்கட்டண அட்டைகளைப் பற்றியது. குடியேறிகள் சொந்த ஊருக்குப் பேச வாங்கும் அந்த அட்டைகளில் சில டாலருக்கு நூற்றுக்கணக்கான நிமிடம் என்று அச்சிட்டிருந்தார்கள். அவ்வளவு நிமிடமும் கிடைக்க வேண்டுமானால் ஒரே அழைப்பில் பேசித் தீர்க்க வேண்டும். வைத்துவிட்டு மறுபடி அழைத்தால் பல்வேறு கட்டணங்கள் கழியும். அந்நாட்டுத் தொடர்பு ஆணையம் 2015 அக்டோபரில் ஆறு நிறுவனங்களுக்குத் தலா 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நிபந்தனை பின்பக்கம் எழுதியிருந்தது என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

சிம் யார் பெயரில்?

மலேசியாவில் புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. முன்கட்டண எண்களைப் பதிவு செய்யும் கட்டாயம் 2006 ஜூலையில் தொடங்கி, பழைய எண்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் வரை அவகாசம் இருந்தது. அப்போது அவசரத்தில் யார் கையில் அடையாள அட்டை இருந்ததோ அவர் பெயரில் பதிவான எண்கள் ஏராளம். அம்மா பேசும் எண் மூத்த மகன் பெயரில் இருக்கும். அவர் ஜோகூருக்குப் போய் வருடங்கள் ஆகியிருக்கும். இறந்துபோன அப்பா பெயரிலேயே ஓடும் எண்ணும் உண்டு. கடையில் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த சிம்மை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அது குடிமகன் அல்லாதவர் பெயரில் இருந்தால் வரி விலக்கும் கிடைக்காது.

பதிவில் இருக்கும் பெயர்க்காரர் கேட்டால்தான் நிறுவனம் அழைப்பு விவரத்தைப் பற்றிப் பேசும். அது நியாயம்தான், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் யாருடைய அழைப்புப் பட்டியலையும் வாங்கிவிடலாம். ஆகவே சண்டைக்கு முன் செய்ய வேண்டிய வேலை, எண்ணைப் பேசுபவர் பெயருக்கு மாற்றுவது. பதிவாளரும் பயன்படுத்துபவரும் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் சேர்ந்து போவது நல்லது.

அடுத்தது ஆதாரம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வாரத்துக்கு, பேசுவதற்கு முன் மிச்சம் எவ்வளவு, அழைத்த எண், தொடங்கிய நேரம், கைப்பேசி காட்டிய வினாடி, ஐந்து நிமிடம் கழித்து மிச்சம் என்று எழுதிவைக்க வேண்டும். அறுந்த அழைப்பைத் தனி வரியில் எழுத வேண்டும். நிறுவனத்தின் செயலியில் பயன்பாட்டு வரலாறு இருந்தால் திரையைப் படம் பிடித்து வைக்கலாம். சில நாளில் அது மறைந்துவிடக்கூடும். இருப்பைச் சொல்லும் குறுஞ்செய்திகளை அழிக்கக்கூடாது. ஒரு வாரம் எழுதினாலே தொகுதிக் கணக்கா, டேட்டாவா, சந்தாவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எதிலும் பொருந்தாத கழிவு இருந்தால் அதுதான் உண்மையான வழக்கு.

எங்கே போவது?

முதலில் நிறுவனத்திடம்தான். ‘என் நிமிடம் போச்சு’ என்று சொன்னால் ‘திட்டப்படியே கழிக்கப்பட்டது’ என்ற பதில்தான் வரும். இந்தத் தேதியில், இந்த நேரத்துக்குள், என்னென்ன எண்ணுக்கு எத்தனை தொகுதி கழிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்கக்கூடாது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, சேவை நிறுவனம் பயனீட்டாளரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், புகாரைத் தக்க முறையில் கவனிக்க வேண்டும் என்கிறது.

விவரம் தர மறுத்தால் இன்னொரு கதவு இருக்கிறது. இதை நம் மக்கள் அதிகம் தட்டுவதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. தம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவைப் பார்க்க எழுத்து மூலம் கேட்கும் உரிமையை அது தருகிறது. கோரிக்கை கிடைத்த 21 நாளுக்குள் நிறுவனம் பதில் அளிக்க வேண்டும். கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பதிவு செய்த எண்ணின் அழைப்புக் கணக்கை இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். இந்தியாவில் 50 ரூபாய்க்குக் கிடைப்பதை இங்கே கேட்க இப்போதைக்குக் கைவசம் உள்ள வழி இது.

நிறுவனத்தின் பதில் திருப்தி தராவிட்டால், 2001ல் அமைக்கப்பட்ட மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்துக்குப் போகலாம். சிஎஃப்எம் என்று அழைக்கப்படும் இந்த மன்றம் இலவசமாகவே புகாரைக் கையாளுகிறது. ஆனால் நிறுவனத்திடம் முதலில் புகார் செய்ததற்கான எண் வேண்டும். அதன் இலவச எண் 1-800-18-2222. சிக்னல் இல்லாத புகாருக்கு, எம்சிஎம்சி என்ற தொடர்பு பல்லூடக ஆணையத்தின் 1-800-188-030 எண் இருக்கிறது. தோட்டத்தின் பெயர், லயம், அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில் என்று இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசிப் படி, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பத்து ரிங்கிட்டுக்காக ஐந்து ரிங்கிட் கட்டுவதா என்று தோன்றலாம். ஒரு வருடமாக வாரந்தோறும் கழிந்த சந்தாக் கட்டணம் என்றால் தொகை அவ்வளவு சிறியதாக இருக்காது. சிரம்பானில் உள்ள உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாநில அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். போகும்போது அடையாள அட்டை, புகார் எண், நிறுவனம் அனுப்பிய பதில், அந்த ஒரு வார நோட்டுப் புத்தகம் ஆகிய நான்கையும், ஒவ்வொன்றுக்கும் நகலோடு, கையில் எடுத்துப் போக வேண்டும்.